நான்கில் ஒரு சுவர்

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை மாடியில் என் கிளினிக்.
யூரியா வாசம் படியேறி வரும்,
நோயாளிக்கு முன்னால்.
வைகாசி நடுவில் ஒரு மத்தியானம்
இன்னாசிமுத்து வந்தார்,
கோரையாற்றில் தூர்வாரும் பொக்லைன் ஓட்டுகிறவர்,
வலது தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு,
யாரோ கொடுத்துவைத்த பொருளைப்போல.

கீழ்வரிசை, முதல் கடைவாய்ப்பல்.
நான்கு சுவரில் மூன்று இல்லை.
நாக்குப் பக்கம் ஒன்று மட்டும் நிற்கிறது,
கஜா அடித்த மறுநாள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நின்றதே, அப்படி.
பள்ளத்துக்குள் ஈறு புகுந்து குடியேறியிருந்தது.

"மன்னார்குடில முந்நூறு ரூபாய்க்குப் புடுங்கித் தர்றாங்களாம்."
வேர் நன்றாக இருக்கிறது என்று
எக்ஸ்ரேயைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்.
அவர் சீட்டில் எழுதிய தொகையைப் பார்த்தார்.
"வேரைச் சுத்தம் பண்ண ஒரு காசு, சரி.
அதுக்கு முன்னாடி கட்டுறதுக்கு ஒரு காசா?
தோண்டப்போற எடத்துல எதுக்குங்க கட்டடம்?"

நல்ல கேள்வி.
நானும் ஒரு காலத்தில் கட்டாமல்தான் தோண்டினேன்.
சவுந்தரவல்லி, தபால் ஆபீஸில் வேலை.
மூன்று முறை வந்தாள். மூன்று முறையும்
தற்காலிக அடைப்பு இட்லியோடு போய்விட்டது.
எச்சில் இறங்கிய வேரை
எத்தனை கழுவினாலும் மறுநாளும் எச்சில்தான்.
நாலாம் முறை பிடுங்கினேன்.
காசு வேண்டாம் என்றேன்;
சில்லறையாக எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதை இவரிடம் சொல்லவில்லை.
"ஓடுகிற தண்ணியில் வேலை பார்க்க
முதலில் கொரம்பு போடுவீங்களே, அதுதான் இது."
எனக்கே பிடித்திருந்தது அந்த உவமை.
அவர் இல்லையென்று தலையாட்டினார்.
"நாங்க தோண்டுன சேத்தையே கரையில போடுவோம் டாக்டர்.
ஆழமாக ஆக கரை தானா ஏறும்.
உங்களுக்கு அந்த வசதி இல்ல.
தோண்டுனதெல்லாம் துப்பத்தான்."
ஊசி போட்டேன். உதடு மரத்த பிறகும்
அரைவாயால் சிரித்தார்.

சொத்தை கரண்டியில் வந்தது,
ஊறிப்போன தென்னமட்டைபோல.
ஈறைச் சுட்டு ஒதுக்கினேன்; மயிர் கருகும் வாசம்
யூரியாவை ஒரு நிமிடம் வென்றது.
உள்வாய்களை டெஃப்ளான் நாடாவால் மூடினேன்,
மோட்டார் கடையில் குழாய் மரைக்குச் சுற்றுகிற அதே நாடா,
ஆட்டோகிளேவில் வெந்தது.
பல்லைச் சுற்றி உலோகப் பட்டை,
பட்டைக்குள் பசை, பசைமேல் நீல வெளிச்சம்.
இரண்டு மில்லிமீட்டர்.
மறுபடி இரண்டு மில்லிமீட்டர்.
நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் விழிக்கும்வரை
என் விரல் ஒன்றே அவர் நாக்கைத் தடுத்து நின்றது.

பல் என்று சொல்ல முடியாது அதை.
ரப்பர் விரிப்பின் கவ்வி பிடிக்க ஒரு தோள்,
மருந்து தேங்க ஒரு தொட்டி, அவ்வளவு.
பிறகுதான் நாடாவை எடுத்து, நரம்பை எடுத்து,
மருந்து வைத்து, புது நாடா வைத்து, மேலே அடைத்தேன்.
"அடுத்த வாரம்" என்றேன்.
தலையாட்டினார், இம்முறை ஆமாமென்று.

வரவில்லை.

மேட்டூர் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததை
கீழே உரக்கடை வரிசை நீண்டதில் தெரிந்துகொண்டேன்.
போன் செய்தால் அணைக்கப்பட்டுள்ளது.
குறுவை அறுத்தாயிற்று.
வலி போனவர் எதற்கு வருவார்?
வலியைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமோ
என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தேன்.

ஐப்பசி அடைமழையில் சொட்டச் சொட்ட வந்தார்.
ராமநாதபுரத்தில் கண்மாய் வேலையாம், நம்பர் மாறிப்போச்சாம்.
"அந்தப் பக்கந்தான் மெல்லுறேன், கருவாட்டுத் தலைகூட."
செய்யவே கூடாததைப் பெருமையாகச் சொன்னார்.

அடைப்பு பாதி தேய்ந்திருந்தது, ஓரத்தில் ஒரு விரிசல்.
சுவர்கள் நின்றன,
மூன்று நான் கட்டியவை, ஒன்று அவருடையது.
கவ்வி பிடித்தது. குடைந்தேன்.
இடுக்கியால் நாடாவை மெல்ல இழுத்து
வெளிச்சத்தில் பார்த்தேன், முகமூடியை இறக்கி
முகர்ந்தும் பார்த்தேன்.

வெள்ளை.
நனையவில்லை.

"வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றேன்,
பத்தாம் நம்பர் ஃபைலை எடுத்தபடி.
விரிப்புக்கு அடியிலிருந்து ஏதோ சொன்னார்.
தொகையைப் பற்றித்தான் இருக்கும்.